பூட்டிய வீடுகளின் நாற்பத்தொரு பேர்

ரிஜிஸ்டர் அக்கா பக்கத்தில் இருக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் யாரும் வயதைக் குறைத்துச் சொல்லத் துணிய மாட்டார்கள். சொன்னால் அவள் மறுத்தெல்லாம் பேசமாட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதற்கு மேலாகப் பார்ப்பாள். அவ்வளவுதான். சொன்னவள் தானாகவே நான்கு வயதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

முப்பத்தொரு வருடமாக நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு அவள் கையில்தான் இருந்தது. பிறந்தவர்களை நீல மையில் எழுதினாள், இறந்தவர்களைக் கறுப்பு மையில் எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலப் பேனாவை மாதம் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. கடைசிப் பத்து வருடத்தில் நீலப் பேனா மேசை இழுப்பறையில் கிடந்து காய்ந்தது. எழுதும் முன் அதைப் பழைய காகிதத்தில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

எழுதிய தேதிகள் எல்லாம் அவள் மனதில் நின்றன. முயற்சி செய்து மனப்பாடம் செய்ததில்லை. ஒரு முகத்தைப் பார்த்தால் அதன் கூடவே தேதியும் வரும். கடைத்தெருவில் எதிரே வருகிறவரிடம் "போன செவ்வாய்தானே உனக்கு முப்பது முடிஞ்சுது?" என்பாள். கேட்டவருக்கு அப்போதுதான் நினைவு வரும்.

மாநிலம் என்று பெயரே தவிர, அதன் மொத்த ஜனமும் வெளியே உள்ள ஒரு பெரிய நகரத்தின் இரண்டு பேட்டைகளுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் வயல், மேய்ச்சல் நிலம், வளைவே இல்லாத சாலை. அலுவலகச் சுவரில் மாநிலத்தின் வரைபடம் தொங்கியது. தலைநகருக்குக் கறுப்புச் சதுரம். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கும் ஊருக்கு ஒரு வளையம். அதற்குக் கீழே என்றால் வெறும் புள்ளி. மொத்தம் பதினொரு வளையங்கள். அவள் ஊர் பதினொன்றாவது. போன கணக்கெடுப்பில் இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு.

வளையம் என்றால் நகரம். நகரம் என்றால் பன்னிரண்டு படுக்கை மருத்துவமனை. புள்ளி என்றால் கிராமம், வாரத்துக்கு இருமுறை வந்து போகும் மருத்துவ வண்டி. சட்டம் அவ்வளவுதான். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இது நினைவில்கூட இல்லை. அவளுக்கு இருந்தது. அந்த மருத்துவமனையின் பின்கட்டு அறையில் இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்தன. அதில் ஜன்னலோரத்து இயந்திரத்தில் செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு அவள் கணவர் போய்ச் சாய்ந்துகொள்வார்.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரயிலடி ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே இருபத்தாறு வருடம் ஓட்டினார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து வருடமாகிறது. இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் மேடாக இருக்கும். தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு "எஞ்சின் ஓடுதா பாரு" என்று தொடச் சொல்வார். இயந்திரத்தில் நான்கு மணி நேரம். ரயிலடிக்குப் போய்த் திரும்பவும் அதே நான்கு மணி நேரம்தான் ஆகும். "அதே ட்யூட்டிதான் சிஸ்டர், என்ன, இப்ப நான் உட்கார்ந்திருக்கேன், வண்டி என்னைச் சுத்துது" என்று நர்சிடம் சொல்வார்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. அவள் ஒரு பாட்டிலில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பாட்டில் காலியாகிவிடும். அப்புறம் அவர் அவள் தேநீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவளும் ஐந்து மணிக்கு மேல் தேநீர் குடிப்பதை விட்டுவிட்டாள்.

இந்த முறை கணக்கெடுப்புக்கு நான்கு பேரைப் போட்டார்கள். மூன்று வார்டுகளை இரண்டு பள்ளி ஆசிரியர்களும் நூலகத்துக்காரரும் பார்த்தார்கள். நான்காவது வார்டு அவளுக்கு. எல்லாருடைய கணக்கையும் சேர்த்து மேலே அனுப்பும் வேலையும் அவளுக்குத்தான். கையில் டேப் என்னும் சின்னக் கணினி கொடுத்திருந்தார்கள். கதவில் சாக்பீஸால் எண் எழுதுவதும், பூட்டியிருக்கும் வீட்டுக்கு மூன்று முறை நடப்பதும், மூன்றாம் முறையும் பூட்டியிருந்தால் வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுப்பதும் பழையபடியே இருந்தன. நான்காவது வார்டின் கடைசித் தெருவில் வரிசையாக ஒன்பது கதவுகளுக்கு வட்டம் போட்டாள். சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியது. அதைப் புடவையில் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அந்தத் தெருவின் திருப்பத்தில் தையற்காரி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன், வெளியே வேலைக்குப் போய் மூன்று வருடம்.

"என் மகனையும் எழுதிக்கோ அக்கா."

"எங்க இருக்கான்?"

"வேலையிலதான். வந்துருவான். அவன் கட்டில், அவன் சட்டை எல்லாம் இங்கதானே கிடக்கு."

கடைசி ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் எந்த வீட்டில் தூங்கினாரோ அங்கேதான் கணக்கு என்று அவள் விதியைச் சொன்னாள். கட்டிலையும் சட்டையையும் எண்ண இடமில்லை என்றாள். தையற்காரி ஊசியில் நூலைக் கோத்தபடியே, "நீ சட்டத்துக்கே தாலி கட்டிக்கிட்டவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வேலை முடிந்த நாளில் நான்கு வார்டையும் கூட்டினாள். இரண்டாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று. மறுபடி கூட்டினாள். பிறகு கீழிருந்து மேலாகக் கூட்டினாள். எப்படிக் கூட்டினாலும் முப்பத்தேழு பேர் குறைந்தார்கள்.

நகராட்சித் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் இரும்புக் கடைக்காரர், நல்ல மனிதர்தான். ஆள் இல்லாததற்கு நாம் என்ன செய்ய முடியும், பெற்றா போட முடியும் என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். மருத்துவமனை போய்விடுமே என்றாள். மேலே பேசிப் பார்க்கலாம் என்றார். மேலே பேசி எதுவும் நடந்ததை அவள் முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு டேப்பைத் திறந்தாள். வட்டம் போட்ட வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இவர்களை எல்லாம் நான்தானே எழுதினேன் என்று நினைத்தாள். என் கையால், நீல மையில், இந்த ஊரில் பிறந்தவர்கள் என்று எழுதினேன். வீடு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, பெயர் மட்டும் எங்கே போய்விடும்? முதல் பெயரைப் போடும்போது கதவை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது பெயருக்கு மேல் பார்க்கவில்லை. வழக்கமான வேலை மாதிரி ஆகிவிட்டது. பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி. கேட்கக்கூட ஆள் வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது.

தன் மகளையும் மருமகனையும் பேத்தியையும் போட்டாள். தையற்காரியின் மகனையும் போட்டாள். நாற்பத்தொன்றில் நிறுத்தினாள். மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று நான்கு. சரியாக ஐந்நூறு வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று நாலு பேர் கூடுதல். அந்த அளவுக்கு மட்டும் அவளுக்குத் தந்திரம் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் தெளிவாக இருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்று கணவரைக் கேட்டாள். என்ன, புதுசா கல்யாணம் ஆன மாதிரி என்றார் அவர்.

மூன்று மாதம் கழித்துத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு. மரியாதையான பையன் என்றே சொல்ல வேண்டும். அவள் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. மேசையில் ஒரு பட்டியலை விரித்தார். நாற்பத்தொரு பெயர்களும் இருந்தன. முப்பத்தெட்டுப் பெயர்களுக்கு எதிரே வேறு வேறு ஊர்களின் பெயர்கள் இருந்தன. வாழும் இடத்தில் அவர்களை எண்ணிவிட்டார்கள். ஒரே பெயர், ஒரே தாய், ஒரே பிறந்த தேதி இரண்டு இடத்தில் வந்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"நிறைய ஊர்ல ஆள் சேர்க்கிறாங்க மேடம். நாங்க பார்க்காததில்ல. பொய்யா சேர்த்தா வயசு முப்பது, நாப்பதுன்னு வரும். தேதி எல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு இருக்கும். அதுல பாதி எங்க கண்ணுக்கே தப்பிடும்." பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். "இதுல நாப்பத்தொண்ணும் கரெக்டான தேதி. ஒரு நாள்கூடப் பிசகலை. இப்படி ஒரு லிஸ்ட்டை நான் பார்த்ததே இல்ல."

யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இத்தனை தேதியும் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். எழுந்து போகும்போது மட்டும், "மூணு பேர் எங்கேயும் சிக்கலை மேடம். நாட்டுல எந்தக் கணக்கிலயும் இல்ல" என்றார். யார் என்று கேட்டாள். மூன்று பெயரைப் படித்தார். இரண்டாவது பெயர் தையற்காரியின் மகனுடையது.

மகள் அன்று மாலையே கூப்பிட்டாள். வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, நீங்கள் எந்த ஊர், ஏன் இரண்டு இடத்தில் பெயர் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார்களாம். மாமியார் முன்னால் வைத்தே கேட்டார்களாம். "ஏம்மா இப்படிப் பண்ணின? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வந்து ஆறு மாசம் இருந்திருக்க மாட்டேனா?" வந்திருக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் அவள் அப்படிச் சொன்னதற்காகத் தாய்க்குக் கண் கலங்கியது.

போனை வைத்த பிறகுதான் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மடியில் காலி பாட்டில்.

"பொறந்த தேதியையாவது கொஞ்சம் மாத்திப் போட்டிருக்கக் கூடாதா?"

"ஒருத்தர் பொறந்த தேதியை நான் எப்படிங்க மாத்தி எழுதுவேன்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, மூச்சு வாங்கி, அவள் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "உன்னை நம்பி ஒரு திருட்டுக்குப் போக முடியாது. பூட்டை உடைச்சிட்டு ரசீது குடுத்துட்டு வருவ."

நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. உடல்நிலை காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள். நின்றுகொண்டாள். ஊரில் யாரும் அவளை ஏசவும் இல்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் நமக்காகத்தானே செய்தாள் என்றார்கள். மீதிப் பேர், எங்கள் பிள்ளையை எழுதவில்லையே, அதில் என்ன ஓரவஞ்சனை என்றார்கள். அவள் தலையைக் குனிந்தபடியே காய்கறி வாங்கிக்கொண்டு வருவாள்.

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. பதினொரு வளையங்களில் நான்கு இந்த முறை கீழே இறங்கிவிட்டன. நான்கு மருத்துவமனையை ஒரே நாளில் மூட அரசுக்கே தயக்கம். ஆகவே ஐம்பது பேர் வரை குறைந்த ஊர்களுக்குச் சலுகை உண்டு, அவை இன்னும் பத்து வருடம் நகரமாகவே இருக்கும். ஒரே நிபந்தனை, கணக்கில் குற்றம் இருக்கக் கூடாது. ரயிலடி ஊரில் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தொன்று. இந்த ஊரைவிடப் பன்னிரண்டு பேர் குறைவு. அது பிழைத்துக்கொண்டது.

செய்தித்தாளில் அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்ததும் மடித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். கணவருக்கு எப்படியும் தெரிந்துதான் போகும். ஆனால் தன் வாயால் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. நாற்பத்தொரு பேரை அவள் எழுதாமல் இருந்திருந்தால், அந்த மதியம் மற்றவர்களோடு சாப்பிடப் போயிருந்தால், ஜன்னலோரத்து இயந்திரம் அங்கேயே இருந்திருக்கும். இதைத் தாண்டி அவளுக்கு எந்த நினைப்பும் ஓடவில்லை. அரிசி களையும்போதும் இதுதான். துணி உலர்த்தும்போதும் இதுதான்.

அந்த நாட்களில் ஒரு மதியம் தையற்காரி வந்தாள். கையில் ஒரு பை, அதில் அவள் தைத்துக் கொண்டுவந்த தலையணை உறை இரண்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் மகனையும் எழுதினியாமே அக்கா. அன்னிக்கு முடியாதுன்ன."

"எழுதினேன்."

"எல்லாரையும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிட்டுதாமே. அவனை எங்கன்னு போட்டிருந்தாங்க? போன் பண்ணி ஒன்றரை வருஷமாச்சு. வேலை ஜாஸ்தி, எனக்குத் தெரியும். எந்த ஊர்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

ரிஜிஸ்டர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"தலைநகர்லதான் இருக்கான்."

"தலைநகரா? இவ்வளவு கிட்டத்துலயா? விலாசம்?"

"விலாசத்தை வெளிய சொல்ல மாட்டாங்க. சட்டம்."

"நல்லா இருந்தா சரி" என்றாள் தையற்காரி. தலையணை உறைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வாசல் வரை போனவள் திரும்பி, அவனுக்கு வரும் பதினாலாம் தேதி இருபத்தைந்து முடிகிறது, இல்லையா என்றாள். ஆமாம் என்றாள் இவள். அது மட்டும் உண்மை.

இயந்திரங்களை ஒரு திங்கட்கிழமை லாரியில் ஏற்றினார்கள். ரயிலடி மருத்துவமனைக்குத்தான் போயின. கணவர் பார்க்க வேண்டும் என்றார். கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். இரண்டு ஆட்கள் போர்வை சுற்றித் தூக்கி வந்ததில் எது ஜன்னலோரத்து இயந்திரம் என்று அவருக்கு அடையாளம் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு கீறல் இருக்கும். "அந்த டிரைவர்கிட்ட சொல்லுங்க, நாப்பத்திரண்டாவது கிலோமீட்டர்ல பள்ளம்" என்றார். ஓட்டுநர் சரி என்று தலையாட்டினார்.

நோயாளிகள் ஆறு பேர். சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டார்கள். ரயிலடியில் அவர்களுக்குக் கிடைத்தது காலை ஆறு மணி முறைதான். அதற்கு விடியுமுன்பே கிளம்ப வேண்டும். திரும்பி வர மதியம் தாண்டிவிடும். முதல் மாதம் அவர் வேனில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டு போனார். இரண்டாம் மாதம் பின் இருக்கையில் படுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் இரண்டு முறை நிறுத்தி வாந்தி எடுத்தார். அங்கேயே ஓர் அறை பார்க்கலாம் என்று அவள் நாலு தெரு அலைந்தாள். மருத்துவமனைக்குக் கிட்டே இருந்த அறைகளை எல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் முன்பே பிடித்திருந்தார்கள். மழை முடிந்ததும் ஓர் அறை காலியாகும் என்று ஒரு வீட்டுக்காரி சொன்னாள்.

"நாம ரெண்டு பேரும் போயிட்டா இந்த ஊருக்கு இன்னும் ரெண்டு குறையுமே" என்றார் அவர்.

"குறையட்டும்."

அதை அவள் சொன்ன விதத்தில் அவர் கேலியை நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒரு தடவை வேண்டாம் என்றார். அடுத்த வாரம் செவ்வாயும் வியாழனும் வேண்டாம் என்றார். வயிற்றைப் பிரட்டுகிறது, சனிக்கிழமை போகலாம் என்றார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், மகளைப் போனில் அழவிட்டுப் பார்த்தாள். கிளம்பச் சட்டையைப் போட்டுக்கொள்வார், வேன் வாசலில் வந்து நின்றதும் கழற்றிவிடுவார். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தச் செய்தித்தாளைத் தான் முன்பே படித்துவிட்டதாகச் சொன்னார். அலமாரியில் வேட்டி எடுக்கும்போது கண்ணில் பட்டதாம்.

"உன் மேல தப்பில்ல."

"இருக்கு" என்றாள்.

அவர் அதை மறுக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் இடது கையின் மேட்டின்மேல் வைத்துக்கொண்டார். உள்ளே உறுமல் மெதுவாகக் கேட்டது. பிறகு, இன்று மட்டும் கோட்டுக்கு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தாள். சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றபோது அவர் நாற்காலியில் இருந்தார், சட்டை போட்டபடி. கை சில்லிட்டிருந்தது. இடது கையின் மேட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே போய், நீங்கள் கிளம்புங்கள் என்று வேன்காரரிடம் சொன்னாள்.

இறப்புப் பதிவும் ரயிலடிக்குப் போய்விட்டது. ஒன்பதாம் நாள் பேருந்தில் போனாள். பழைய அலுவலகம் மாதிரியே ஓர் அறை, ஆனால் பேரேடு இல்லை, கணினிதான். ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா, உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். இவள் சொல்லச் சொல்லத் தட்டினாள்.

"எங்க இறந்தாரு? ஊர் பேரு?"

சொன்னாள். அந்தப் பெண் திரையில் மேலும் கீழும் தேடினாள். மன்னிக்கணும்மா, லிஸ்ட்ல வரலையே என்றாள். இவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அகர வரிசையில் ஊர்ப் பெயர்கள் நின்றன. தன் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தைய பெயரும் பிந்தைய பெயரும் ஒட்டிக்கொண்டு இருந்தன. கடைசி வரி, இதர குடியிருப்புகள்.

"இதரன்னே போடுங்கம்மா."

"வயசு?"

"அறுபத்திரண்டு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டினாள். பெட்டியில் வருடம் மட்டும்தான் ஏறியது.